பருவமும் நிலையாமையும்

உலகத்துப் பொருள்கள் யாவும் தோன்றி நின்று மறையும் இயல்பின என்பது கற்றாரும் கல்லாரும் ஒருங்கே அறிந்த உண்மையாகும். கற்றார் அதனை நூல்களிற் கண்டு கூறுவர், கல்லார் வயலிலும் வாயிலிலும் கண்டு கூறுவர், அவ்வளவே வேறுபாடு. ஆயின், அவ்வுண்மையை அறிந்த பின்னர் நாம் செய்யற்பாலது யாது என்னும் வினாவிலேதான் கருத்து வேற்றுமை எழுகின்றது. நிலையாதன என்று தெரிந்துகொண்ட பொருள்களைக் கண்டு மகிழ்தல் அறிவுடையார்க்குத் தகுமா? மாரிக்காலத்து முதல் மழையையும், மார்கழி மாதத்து வைகறையையும், வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு மரத்தையும் நெஞ்சார விரும்பி நோக்குதல் பற்று ஆகுமா, அன்றி நன்றி ஆகுமா? இவ்வினா ஏட்டளவில் நிற்பதொன்றன்று. யான் ஒரு காலத்தில் இதற்கு மிக விரைந்து விடை கூறினேன். அவ்விடை பிழையென்பதைக் காலங்கடந்து உணர்ந்தேன். அப்பிழையை அன்பர்கள்முன் வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், நம் முன்னோர் பொழுதை எவ்வாறு நோக்கினர் என்பதைச் சிறிது நினைவு கூர்வோம். தொல்காப்பியனார் அகப்பொருளுக்கு முதற்பொருள் வகுக்கப் புகுந்தவிடத்து நிலத்தோடு பொழுதையும் உடன்வைத்தார். நிலம் நிற்பது, பொழுது செல்வது. நிற்பதனையும் செல்வதனையும் ஒரு நிகராக வைத்து, இவ்விரண்டும் கூடிய இடத்திலேயே மக்கள் வாழ்க்கை நடைபெறுகின்றதென்று கண்டமை அவர்தம் நுண்ணறிவைக் காட்டும். ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பன அவை. ஒரு நாளினையும் மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என ஆறு சிறுபொழுதாகப் பகுத்தனர். கதிரவன் சாயும் வேளைக்கு எற்பாடு என ஒரு தனிப்பெயர் இட்டு வழங்கிய மக்கள், அவ்வேளையைக் கண்ணாற் கண்டு, உடலால் உணர்ந்து, நெஞ்சில் இருத்தினராதல் வேண்டும். காணாத ஒன்றற்கு எவரும் பெயரிடுதல் இல்லை.

யான் பிறந்து வளர்ந்தது காவிரி பாயும் நாட்டில், மன்னார்குடிக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூர். அங்கே இவ்வாறு பருவங்களும் நூற்பெயர்களாக நில்லாமல் வாயிற்படியில் வந்து நிற்கும். ஆவணியிற் பிற்பகல் முழுதும் புழுங்கி, இரவிலே மேற்குத் திசையில் மின்னி இடிக்கும்; சம்பா நாற்றங்கால் பச்சைப் பாய் விரித்தாற்போலக் கிடக்கும். ஐப்பசியில் மழை நாட்கணக்கிற் பெய்து மண்சுவர்கள் ஊறும். இரவெல்லாம் தவளையின் குரலன்றிப் பிறிதொன்றுங் கேளாது. மார்கழியில் நெற்கதிர்கள்மீது பனி கோத்து நிற்க, அதுகாறும் கண்ணுக்குப் புலப்படாத சிலந்தி வலைகளெல்லாம் ஒரே வைகறையில் வெண்ணூலாகத் தோன்றும். தையில், அறுவடைக்குச் சில நாள் முன்னரே, நெற்பயிரினூடே உளுந்தும் பயறும் தெளிப்பர். நெல் அறுத்தபின் தாளடியில் அவை எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே வளரும். சித்திரையில் வேம்பும் சரக்கொன்றையும் பூக்கும். ஆனியிலும் ஆடியிலும் காற்று மணலை வாரி வீசும். வறண்டு கிடந்த வாய்க்காலிலே, சருகையும் நுரையையும் முன்தள்ளிக்கொண்டு, புதுநீர் ஒருநாள் வந்து சேரும். அந்நீரின் முன்னே சிறுவர் ஓடுவர், யானும் ஓடியிருக்கின்றேன்.

இப்பருவங்கள் ஓவியத்திற் காணுமாறு ஒழுங்குடையன அல்ல என்பதையும் மறத்தலாகாது. தமிழ்நாட்டில் ஆண்டு முழுதும் பெய்யும் மழையில் ஏறத்தாழச் செம்பாதி வடகிழக்குப் பருவக்காற்றால் பெறப்படுவது. புரட்டாசிக்குப்பின் வடநிலம் குளிர, காற்றுத் திசை மாறி, வங்கக் கடலின்மேல் வந்து ஈரம் முகந்துகொண்டு நம் கரையை அடைகின்றது. இஃது ஆண்டுதோறும் நிகழ்வதாயினும், ஆண்டுதோறும் ஒரே அளவில் நிகழ்வதன்று. 2016-ஆம் ஆண்டில் அப்பருவமழை வழக்கமான அளவினும் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. சம்பாப் பயிர் கதிர் ஈனாமலே காய்ந்ததை எம்மூரார் கண்டனர். 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையிலிருந்து சூன் 12-ஆம் நாள் நீர் திறத்தல் மரபு. ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளிலே திறத்தல் இயலாதாயிற்று. 2020-இல்தான் அம்மரபு மீண்டது. ஆகவே, பருவங்களை விரும்புதல் என்பது வருமென்று உறுதியுள்ள விருந்தினரை எதிர்நோக்குதல் போன்றதன்று. வாராமலும் போகக்கூடிய விருந்தினரை, வாயில் திறந்துவைத்து, நோக்கியிருத்தல் போன்றது.

இனி, யான் குறிப்பிட்ட பிழைக்கு வருவேன். எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. வேம்பு, மாசியில் இலையுதிர்த்து, பங்குனியிற் செந்தளிர் ஈன்று, சித்திரையில் வெண்பூப் பூத்து, ஆனியிற் பழுக்கும் மரமென்பதை யாவரும் அறிவர். மாசி மாதத்தில் அம்மரம் நாள்தோறும் முற்றத்தை மஞ்சட் சருகால் மூடிவிடும். எம் அன்னையார் நாள்தோறும் வைகறையில் எழுந்து அச்சருகுகளைக் கூட்டுவார். அவர் கூட்டி முடித்து விளக்குமாற்றைச் சுவரிற் சார்த்துதற்குள் ஒரு நூறு இலை மீண்டும் விழுந்துகிடக்கும். அப்போது யான் சாத்திர நூல்களைப் பாடங்கேட்கத் தொடங்கியிருந்த இளைஞன். கற்றதனை எங்காயினும் காட்டவேண்டுமென்னும் விருப்பம் மிகுந்த பருவம் அது. ஒருநாள், "அம்மா, நாளையும் உதிரப்போகின்றதே, இதனை ஏன் நாள்தோறும் கூட்டுகின்றீர்கள்?" என்று வினவினேன். அவர் குனிந்த தலை நிமிராமலே, "நாளைக்கு உதிர்வதை நாளைக்குக் கூட்டலாம் தம்பி, இன்றைக்கு உதிர்ந்தது இன்றைக்குத்தானே?" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கூறிய விடை என்று யான் அதனைப் பொருட்படுத்தவில்லை.

சித்திரையில் அவர் செய்யும் செயலொன்று உண்டு. மாலையில் மரத்தடியைத் தூய்மை செய்து, வெளுத்த பழஞ்சேலையொன்றை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைப்பார். இரவில் உதிரும் பூவெல்லாம் அத்துணியில் விழும். காலையில் அவற்றை வாரி, காம்பும் தூசும் போகப் புடைத்து, நிழலில் உலர்த்தி, மட்பாண்டத்தில் இட்டு வைப்பார். அவ்வாண்டு முழுதும் வேப்பம்பூச் சாற்றுக்கு அஃது உதவும். உடல் நலங் குன்றியவர்க்கென்று அண்டை வீட்டாரும் வந்து ஒரு பிடி பெற்றுச் செல்வர். பத்துப் பதினைந்து நாட்களே நீடிக்கும் அப்பூக்காலத்தை அவர் ஓராண்டும் தவறவிட்டதில்லை.

அவர் நோயுற்றுக் கட்டிலிற் கிடந்த ஆண்டிலும் வேம்பு பூத்தது. சாளரத்தின் வழியே மணம் உள்ளே வந்தது. "தம்பி, பூ விழத் தொடங்கிவிட்டது, துணியை விரித்துவிடு" என்றார். அடுத்த ஊர்த் திருக்கோயில் மண்டபத்தில் யான் ஒரு சொற்பொழிவு ஆற்றவேண்டியிருந்தது. அதற்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். "ஆகட்டும், அம்மா" என்றேன். மறுநாளும் கூறினார், மறுநாளும் அவ்வாறே கூறினேன். மூன்றாம் நாள் இரவு கோடைமழை பெய்து, பூவெல்லாம் சேற்றிற் கலந்தது. காலையில் அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "போகட்டும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்" என்றார். அடுத்த ஆண்டு சித்திரையில் வேம்பு பூத்தபோது அவர் இல்லை. அன்று யான் ஆற்றிய சொற்பொழிவின் பொருள் நிலையாமை என்பதை இங்கு மறையாது கூறுதல் வேண்டும். கேட்டோர் நன்று என்றனர். அதில் ஒரு சொல்லையேனும் இன்று என் நினைவிற் கொண்டுவர இயலவில்லை.

அன்னையார் மறைந்தபோது யான் பெரிதும் கலங்கவில்லை. கலங்காமையைக் கல்வியின் பயன் என்று கருதிக்கொண்டேன். வந்தவர் சிலர் அதனைப் புகழ்ந்தனர். புகழ்ச்சியை யானும் மறுக்கவில்லை. அதன்பின் ஆண்டுகள் சில கழிந்தன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன், ஐப்பசித் திங்களின் இறுதி நாளன்று, கசா என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவுடன் வீசிய அக்காற்றில் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எண்ணிறந்த தென்னைகள் வீழ்ந்தன. விடிந்தபின் கதவைத் திறந்தேன். வேப்பமரம் வேரோடு சாய்ந்து முற்றம் முழுதும் கிடந்தது. வேர் பறிந்த குழியில் மழைநீர் நிறைந்திருந்தது. அம்மரத்தின்கீழ் எங்கும் வெயிலே படாதிருந்த நிலத்தின்மேல், கூரையில்லாத வெட்டவெளி ஒளி விழுந்துகொண்டிருந்தது. யான் திண்ணையில் அமர்ந்து அழுதேன். மரத்துக்காக அழுகின்றேன் என்றே முதலில் எண்ணினேன்.

பின்னர் ஆராய்ந்தேன். அம்மரத்தை யான் ஒருநாளேனும் நின்று நோக்கியதில்லை. அதன் பூவை யான் பொறுக்கியதில்லை. அதன் சருகை யான் கூட்டியதில்லை. நோக்காத ஒன்றற்கு இத்துணைத் துயரம் ஏன்? யான் பற்று நீங்கியவனாக இருந்திருப்பின் அழுதிரேன். பற்றுடையவனாக இருந்து அன்பு செலுத்தியிருப்பினும், செலுத்திய அன்பின் நினைவேனும் எஞ்சியிருக்கும். எனக்கு அவ்விரண்டும் இல்லை. யான் நிலையாமை உணர்வு என்று போற்றிவந்தது துறவு அன்று, பராமுகம். ஒன்றைக் கைக்கொள்ளாதவன் அதனைத் துறந்தவன் ஆகான். கண்ணெடுத்துப் பாராதவன் பற்றறுத்தவன் ஆகான். இவ்விரண்டும் புறத்தே ஒரு தன்மையவாகத் தோன்றும். அகத்தே மலையும் மடுவும் போல வேறுபட்டன. பிரிவு வருமென்று அஞ்சி, அவ்வச்சத்துக்குச் சாத்திரப் போர்வை போர்த்தி, அன்பு செலுத்தவேண்டிய இடத்தில் அன்பு செலுத்தாது ஒழிதல் அறிவின்பாற்படுவதன்று. அது கடன் தீர்க்க மனமில்லாதவன், பொன் நிலையாதது என்று கடன் கொடுத்தவனுக்கு அறிவுரை கூறுதலை ஒக்கும்.

திருவள்ளுவர் நூலின் வைப்புமுறையை நோக்கின் இவ்வுண்மை நன்கு விளங்கும். நிலையாமை என்னும் அதிகாரம் அந்நூலில் 34-ஆவதாக நிற்கின்றது. அதற்கு முன்னர், கடவுள் வாழ்த்தை அடுத்து இரண்டாவதாகவே வான்சிறப்பு வந்துவிட்டது. அன்புடைமை எட்டாவது, விருந்தோம்பல் ஒன்பதாவது, செய்ந்நன்றியறிதல் பதினொன்றாவது, அருளுடைமை இருபத்தைந்தாவது, கொல்லாமை முப்பத்து மூன்றாவது. மழையின் சிறப்பை உணர்ந்து, மனைவி மக்களிடத்து அன்பு செய்து, வந்தாரை ஓம்பி, பெற்ற நன்றியை மறவாது, எவ்வுயிர்க்கும் அருள் சுரந்து நின்ற ஒருவனுக்கே நிலையாமை கற்பிக்கப்படுகின்றது. அன்பு செய்து பழகிய நெஞ்சுக்கு அப்பாடம் உரம் தரும். அன்பு செய்யாத நெஞ்சுக்கு அதே பாடம் ஒளிந்துகொள்ளும் மறைவிடம் ஆகிவிடும். யான் முப்பத்து மூன்று படிகளைத் தாண்டிக் குதித்து முப்பத்து நான்காம் படியில் நிற்பதாக எண்ணியவன். உண்மையில் யான் நின்றது படிக்கட்டின் கீழேதான்.

இனி, நம் சித்தாந்தம் இப்பொருளை எவ்வாறு நோக்குகின்றதென்பதையும் ஒருவாறு காண்போம். உலகம் மாறுவது என்பதனால் அது பொய் என்று கூறுவார் உளர். நம் ஆசிரியன்மார் அவ்வாறு கூறிற்றிலர். உள்ளது தோன்றும், இல்லது தோன்றாது என்பது அவர்தம் துணிபு. மண்ணிலிருந்து குடம் தோன்றுதலும், குடம் உடைந்து மண்ணாதலும் நிலைமாற்றமேயன்றி இன்மையாதல் அன்று. அதுபோலவே உலகமும் மாயையிலிருந்து தோன்றி, நின்று, அதிலே ஒடுங்குகின்றது. உடலும், கருவிகளும், உலகமும், நுகர்ச்சியும் உயிர்க்கு இறைவனால் கூட்டப்பெற்றன. தனு, கரண, புவன, போகம் என்று அவற்றை நூல்கள் கூறும். கதிரவன் எழுங்காறும் இரவிற்கு விளக்கு உதவுமாறு போல, அவை உயிரின் அறியாமை இருளில் சிறிதளவு ஒளி தந்து உதவுவன. விளக்கு விடியுந்துணையும் எரிவதுதான். அதனால் அது விளக்கன்று என்பார் யாவர்? விடிந்தால் வேண்டப்படாது என்று கூறி, நள்ளிரவிலேயே விளக்கை அவிப்பவன் விடியலை விரைவிற் காண்பானா? இருளிற் கால் இடறி வீழ்வானேயல்லனோ?

மேலும், இறைவனது ஐந்தொழிலுள் அழித்தலையும் அருட்செயலாகவே நம் நூல்கள் உரைக்கின்றன. பிறந்திறந்து இளைத்த உயிர்களுக்கு அஃது இளைப்பாற்றலென்று கொள்ளப்படும். வேம்பு மாசியில் இலையுதிர்த்து நிற்கும் நிலையைக் கண்டோர்க்கு இக்கருத்து எளிதின் விளங்கும். உதிர்ந்த மரம் இறந்த மரம் அன்று. பங்குனித் தளிருக்கு இடம் செய்து நிற்கும் மரம். காலம் என்பது பொருள்களைத் தின்னும் பகையன்று. நுகர்ச்சியை இறந்தது, நிகழ்வது, எதிர்வது என வரையறுத்து உயிர்க்கு ஊட்டும் ஒரு தத்துவம். ஒருங்கே கொடுத்தால் தாங்கமாட்டாத குழவிக்குத் தாய் சிறிது சிறிதாக ஊட்டுதல் போல, ஓராண்டின் அழகு முழுதும் ஒரே நாளிற் கொடுக்கப்படாமல் பருவம் பருவமாகக் கொடுக்கப்படுகின்றது. அவ்வாறாயின், ஒரு கவளத்தை வாங்காது முகம் திருப்புதல் வைராக்கியம் ஆகுமா? ஊட்டும் கையை மதியாமை அன்றோ அது?

அங்ஙனமாயின் பாசம் எங்கே உள்ளது என்று வினவலாம். பூவில் இல்லை, பூவை நோக்கும் கண்ணிலும் இல்லை, இஃது எனது, இஃது என்னை விட்டு நீங்கலாகாது என்னும் எண்ணத்திலேயே அஃது உள்ளது. அவ்வெண்ணத்துக்கு வேர் ஆணவம். நிலையாதது என்று புறக்கணிப்பானும், என்றும் நிற்கவேண்டுமென்று பற்றிக்கொள்வானும் ஒரே வேரிற் கிளைத்தவர்களே. ஒருவன், தன்னிடம் தங்காதது தனக்கு வேண்டா என்கின்றான். மற்றொருவன், தனக்கு வேண்டியது தன்னிடம் தங்கியே தீரவேண்டும் என்கின்றான். இருவரும் பொருளைத் தம்மை வைத்தே அளக்கின்றனர். கொடுத்தவனை வைத்து அளப்பவன் இருவரினும் வேறாவான். அவன் வரும்போது எழுந்து ஏற்பான், இருக்கும்போது போற்றுவான், செல்லும்போது வாயில்வரை சென்று விடைகொடுப்பான்.

இவ்வாறு கூறுதல் பற்றினை வளர்ப்பதற்கே துணையாகாதோ என அன்பர் சிலர் ஐயுறக்கூடும். ஐயம் தக்கதே. பருவத்தின் அழகில் ஈடுபட்டோர் அவ்வழகிலேயே நின்றுவிடுதலும் உண்டு. ஆயின் அன்பையும் பற்றையும் பிரித்தறிய ஓர் உரைகல் நம்மிடம் உளது. எம் அன்னையார் அவ்வேம்பினிடத்துப் பேரன்பு கொண்டிருந்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் சருகை அவர் சேர்த்து வைக்கவில்லை. நாள்தோறும் கூட்டிக் குப்பைக்குழியில் இட்டு வயலுக்கு எருவாக்கினார். அதன் பூவையும் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். பூ மழையிற் கெட்டபோது, போகட்டும் என்று கூற அவரால் இயன்றது. விரும்பியதனை விரும்பியவாறே விடுதற்கும் வல்லார் எவரோ அவரிடத்து உள்ளது அன்பு. பிறர்க்குக் கொடுக்கும்போது கை நடுங்குமாயின், இழக்கும்போது கொடுத்தவன்மேற் சினம் எழுமாயின், அது பற்று. இவ்வுரைகல்லில் என்னை உரைத்துப் பார்த்தால், நூல் கற்ற என்னினும் நூல் கல்லாத அவரே நிலையாமையை நன்கு அறிந்திருந்தார் என்பது தேற்றம். யான் அதனைப் பேசினேன். அவர் நாள்தோறும் விளக்குமாற்றால் அதனைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

பிறிதொரு தடையும் உண்டு. அது முன்னையதினும் கடினமானது. மழை பொய்த்துப் பயிர் காய்ந்தவனிடமும், புயலில் நாற்பதாண்டுத் தென்னந்தோப்பு வீழ்ந்தவனிடமும் பருவங்களுக்கு நன்றி கூறு என்று எவ்வாறு சொல்வது? சொல்லலாகாது என்பதே என் கருத்து. நன்றி ஒருவன் தன் நெஞ்சிலிருந்து தானே எடுத்துக் கொடுக்கத்தக்கது. பிறரிடம் கேட்டு வாங்கத்தக்கதன்று. புயல் கழிந்த வாரத்தில் எம்மூர்க்கு வந்த ஒருவர், வீழ்ந்த தோப்பின் நடுவே நின்று, யாவும் வினைப்பயன் என்று கூறினார். தோப்புக்குரியவர் ஒன்றும் மறுமொழி கூறாமல் தம் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வினை உண்டு என்பதை நம் சமயம் கூறுகின்றது, யானும் நம்புகின்றேன். ஆயினும் அது தன் துயரைத் தான் பொறுத்துக்கொள்ளுதற்கு ஒருவன் கைக்கொள்ளும் ஊன்றுகோல்; பிறர் துயரின்மேல் ஓங்கும் கோல் அன்று. அவ்வேளையில் நமக்குரிய செயல் ஓலை கொணர்தலும், கூரை வேய்தலும், உலைக்கு அரிசி இடுதலும் ஆகும். காரணம் கூறுதல் நம் பணியன்று.

அப்புயலில் மின்கம்பங்கள் பல்லாயிரக்கணக்கில் முறிந்து வீழ்ந்தமையால், எம்மூரைப் போன்ற சிற்றூர்கள் பல நாட்கள் இருளிற் கிடந்தன. புயல் வீசிய ஏழாம் நாள், நவம்பர் 23, திருக்கார்த்திகை விளக்கீடு. கூரையில்லாத வீடுகள் பல, எண்ணெய் அரிது, விளக்கேற்றும் மனநிலையும் ஒருவர்க்கும் இருந்ததாகத் தோன்றவில்லை. எனினும் மாலையில், தெருக்கோடியில் ஒரு மூதாட்டியார் தம் வீழ்ந்த சுவரின்மேல் ஓர் அகலை ஏற்றிவைத்தார். அதனைக் கண்டு எதிர்வீட்டார் ஒன்று ஏற்றினர். சிறிது நேரத்தில் தெரு முழுதும் வீட்டுக்கு ஒன்றும் இரண்டுமாக விளக்குகள் நின்றன. மின்னொளி இல்லாமையால் அச்சிறு சுடர்கள் நெடுந்தொலைவு தெரிந்தன. கிழக்கே முழுமதி எழுந்தது. மதியின் அருகே கார்த்திகை மீன் கூட்டம் ஒளி மழுங்கித் தோன்றிற்று. யான் எம் வீட்டு அகலை, வேம்பு வேரறுந்த குழியின் கரையில் வைத்தேன். அன்னையார் கைப்படத் திரித்து வைத்திருந்த திரிகளுள் எஞ்சியவற்றில் ஒன்றே அதற்கு உதவிற்று. அத்திரி ஒரு நாழிகையளவு எரிந்து அணைந்தது. அந்நாழிகை முழுதும் யான் அங்கேயே இருந்தேன். என் வாழ்நாளில், ஒரு பொழுதை அதன் முழுமையும் உடனிருந்து நோக்கியது அதுவே முதன்முறை.

அன்பர்காள், இதனால் யான் பெரிய தெளிவொன்றை அடைந்துவிட்டேன் என்று கூறவில்லை. அன்னையார் கேட்ட அந்த மூன்று நாட்கள் மீளமாட்டா. அவற்றுக்கு ஈடு செய்யும் செயல் எதுவும் என்னிடம் இல்லை. நிலையாமையின் கூரிய முனை இதுவே: பொருள்கள் நீங்குகின்றன என்பதன்று, நம் கடமைக்குரிய வேளை நீங்கிவிடுகின்றது என்பது. மரம் போயினும் மற்றொரு மரம் உண்டு; பருவம் போயினும் மறு ஆண்டு உண்டு; ஒருவர் ஒரு மாலையில் நம்மிடம் கேட்ட சிறு உதவியை அம்மாலை போனபின் எவரிடம் செய்வது? நிலையாமையை உண்மையாக அறிந்தவன் சோம்பான், விரைவான். ஒத்திவையான், இன்றே செய்வான். நூல்கள் அதிகாரம் வகுத்து நமக்கு அதனைக் கற்பித்தது இதன்பொருட்டே என்று இப்பொழுது எனக்குத் தோன்றுகின்றது.

ஆகலின், நாம் செய்யத்தக்கது அரிய தவம் ஒன்றும் அன்று. நம் முன்னோர் பெயரிட்டு வைத்த ஆறு சிறுபொழுதுகளுள் ஒன்றையேனும் நாள்தோறும் நின்று நோக்குவோம். வைகறையில் வாயில் தெளிக்கும் நீரின் மணத்தையும், எற்பாட்டில் வயல்மேற் சாயும் ஒளியையும், யாமத்தில் ஓட்டின்மேல் விழும் மழையின் ஒலியையும் கொடுக்கப்பட்டவை என்று அறிந்து ஏற்போம். நம் வீட்டில் முதியோர் யாதேனும் ஒன்று கேட்பாராயின், அதனை எழுதும் கட்டுரைக்கும் ஆற்றும் சொற்பொழிவுக்கும் முன்னதாகச் செய்வோம். எங்கள் முற்றத்தில் இப்போது வேம்பு இல்லை. சித்திரை பிறந்ததும் அண்டை வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் மரத்தின்கீழ் யான் துணி விரிக்கின்றேன். புடைக்கும் முறை எனக்கு இன்னும் கைவரவில்லை. காம்புகள் மிகுதியாகத் தங்கிவிடுகின்றன. சாறு சற்றுக் கசப்பு மிகுந்தே அமைகின்றது. எனினும் கேட்டு வருவோர்க்கு ஒரு பிடி கொடுக்க இயல்கின்றது. இன்று உதிர்ந்தது இன்றைக்கு உரியது. அதனை இன்றே குனிந்து எடுக்கும் மனத்தை எல்லாம்வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருளுவானாக.